தட்டிச் சொன்ன கணக்கு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் அடுப்பு பற்றாவிட்டால்கூட அடுப்போடு சண்டை போடுவேன் என்று அப்பா சிரிப்பார். அந்தக் கோபத்தால் நான் எதையும் இழந்ததில்லை. இழந்தவள் வேறொருத்தி. அவளுக்குக் கண் தெரியாது. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை வருஷம் கழித்து.

முப்பதுகளில் சூரமங்கலத்தில் ரயிலடிக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம் இருந்தது. கண் தெரியாத பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். ஜட்கா வண்டிக்காரனிடம் 'குருட்டுப் பள்ளிக்கூடம்' என்று சொன்னால்தான் தெரியும். வேறு எப்படிச் சொன்னாலும் நேரே ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். நான் அங்கே வாத்தியாரம்மாவாகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பதினாறு வயதிலேயே கணவர் இறந்துவிட்டார். ஊரும் உறவும் வாய்க்கு வந்ததைப் பேசினாலும், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் படிக்க வைத்து வாத்தியார் பயிற்சிக்கும் அனுப்பினார்.

அப்பா பஜனைகளுக்கு மிருதங்கம் வாசிப்பார். ஆபீஸ் விட்டு வந்தால் சாப்பிடும்போதும் இலைப் பக்கத்தில் விரல் ஓடிக்கொண்டே இருக்கும். 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, 'தகதகிட' என்றால் ஐந்து, 'தகதிமிதகிட' என்றால் ஏழு. எனக்கு எழுத்துத் தெரிவதற்கு முன்பே இது தெரியும். அதனால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்று ஒரு பாடமே கிடையாது என்று கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு தெரியாத பிள்ளைக்குக் கணக்கு எதுக்கும்மா? புள்ளி எழுத்துத் தடவிப் படிக்குதுக, கூடை பின்னுதுக, பாட்டுப் பாடுதுக. போதாதா?" என்றார் பெரிய டீச்சர். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குத் தலைவலி என்றால் சுக்கு அரைத்துத் தாமே பற்றுப் போடுவார். ஆனால் அவருக்கே கணக்கு என்றால் கசப்பு.

"போதாதுங்க. நான் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன்.

"கரும்பலகை இல்லாம எப்படிச் சொல்லிக் கொடுப்பே?"

"வாயாலயும் கையாலயும்" என்றேன் வெடுக்கென்று. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பது பிள்ளைகள். அதில் பெரியவள்தான் நான் சொல்ல வந்தவள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. என்னைவிட ஆறு வயதுதான் இளையவள். ராசிபுரத்தில் நெசவுக் குடும்பம். ஆறு வயதில் அம்மை வந்து கண் போய்விட்டது. அப்பா அம்மா இல்லை, அண்ணன் இருந்தான். முதல் நாள் அவளைக் கூப்பிடும்போது எங்கள் பக்கத்து வழக்கப்படி, "இங்க வா கண்ணு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஊட்லயும் அப்புடித்தானுங்க கூப்புடுவாங்க. எனக்குத்தான் இல்லியே, பேருலயாச்சும் இருந்துட்டுப் போகுதுங்க."

அவள் வாய் அப்படி. கூடை பின்னும்போதும் பக்கத்தில் இருப்பவளைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள். பரீட்சை, பெரியவர்கள் என்றால் மட்டும் குரல் இறங்கிக் கிணற்றுக்குள் போய்விடும்.

வகுப்புத் தொடங்கிய முதல் வாரமே எனக்கும் பிள்ளைகளுக்கும் தகராறு. ஆதி தாளத்திலிருந்து ஆரம்பித்தேன். மொத்தம் எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று. மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பிக் காற்றில் ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. பத்துத் தடவை போட்டுவிட்டு, "எத்தனை?" என்று கேட்டேன்.

"மூணுங்க" என்றார்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில்.

மறுபடி போட்டேன். மூணு. மெதுவாகப் போட்டேன். மூணு. மறுநாளும் மூணு, அதற்கு மறுநாளும் மூணு. எட்டை மூணு என்கிற பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? கத்தினேன். சின்னது ஒன்று அழுதேவிட்டது. பெரிய டீச்சர் சொன்னதுதான் சரி, மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆறாம் நாள் அவள் மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க எட்டுன்னு சொல்றது எங்களுக்கு மூணுதானுங்க கேக்குது. மீதி அஞ்சை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டு மூன்றுக்குத்தான் சத்தம். விரல் தொடுவதற்கு ஏது சத்தம்? காற்றில் வீசுவதற்கு ஏது சத்தம்? கையில் வளையல் போட்டிருக்கும் வேறு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் வீச்சாவது கலகலவென்று கேட்டிருக்கும். என் கைதான் ஆறு வருஷமாக மொட்டையாக இருந்ததே. கண் தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாரமாகக் காற்றில் கையை ஆட்டி ஆட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்களை மக்கு என்று திட்டியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். அழுத சின்னதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அதையும் நான் கவனிக்கவில்லை பாருங்கள்: எட்டில் மூன்று போனால் ஐந்து என்று அவள் எதையும் தட்டாமலேதான் சொன்னாள்.

அன்றைக்கே வழியை மாற்றினேன். எல்லா எண்ணுக்கும் சத்தம் கொடுத்தாக வேண்டும். தட்டுக்குப் பலகையில் உள்ளங்கை, விரலுக்கு நகம், வீச்சுக்குத் தொடையில் ஓர் அடி. அப்புறம் எட்டு எட்டாகவே கேட்டது. 'சத்தமில்லாத எண் எண்ணே இல்லை' என்று அவர்களுக்கு ஒரு சட்டமே போட்டுவிட்டேன். நான் முதுகைத் திருப்பினால் என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பிறகு கணக்கு ஓடியது. ஏழை ஆறால் பெருக்க வேண்டுமென்றால் தகதிமிதகிட ஆறு தடவை; ஒவ்வொரு முடிவுக்கும் இடது கையில் ஒரு விரல் மடக்கிக்கொள்வார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் பொது மடங்கு வேண்டுமென்றால் ஒருத்தி தகிட தட்டுவாள், பக்கத்தில் இருப்பவள் தகதிமி தட்டுவாள். முதல் தட்டில் சேர்ந்து கிளம்பும் இரண்டும் பிரிந்து போய் எங்கே மறுபடி சேர்ந்து கேட்கிறதோ, அதற்குள் எத்தனை போயிற்று என்று எண்ண வேண்டும். பன்னிரண்டு! கண்டுபிடித்த அன்றைக்கு ஒன்பது பேரும் போட்ட கூச்சலில் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு அம்மாள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். பின்னம்கூட அப்படித்தான். ஆறு தட்டில் பாதி மூன்று, மூன்றில் ஒரு பங்கு இரண்டு. சேர்த்துத் தட்டினால் ஐந்து. அப்படியானால் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து ஆறில் ஐந்து. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கண் தெரிந்த பிள்ளைகளே இதில் முழி பிதுங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரையும்விட அவள்தான் கெட்டிக்காரி. ஆனால் ஒரு குற்றம் வைத்திருந்தேன் அவள்மேல். தட்டி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். "அவசரக்குடுக்கை! முழுக்கத் தட்டு. அப்புறம் சொல்லு" என்று அதட்டுவேன். "சரிங்க டீச்சர்" என்று மறுபடி முதலிலிருந்து தட்டுவாள். அவள் விரலில் ஓர் அழகு இருந்தது. அந்தத் தாளம் பிசகாது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும் எனக்கு.

அந்தப் பள்ளியில் பதினெட்டு வயதுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். பதினெட்டு முடிந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீடு என்றால் அவளுக்கு அண்ணன் வீடு. லீவுக்குப் போய் வந்தபோதெல்லாம் அவள் சொன்னதை வைத்து எனக்குத் தெரியும். அங்கே அவளை அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். வந்தவர் போனவர் யாரும் அவளிடம் பேசமாட்டார்கள். அவளைப் பற்றி அவளுக்கு முன்னாலேயே பேசுவார்கள். "சாப்புட்டாளான்னு எங்க அண்ணியத்தான் கேப்பாங்க. என்னைக் கேக்கமாட்டாங்க" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையில் தேறினால் அவளை அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். தமிழும் மற்றப் பாடங்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் தேற வேண்டும். அதுவரை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருத்திகூடக் கணக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்ததில்லை. நான் மனு எழுதி, அதைப் பெரிய டீச்சர் அனுப்பி, கடைசியில் சம்மதம் வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் டிப்டி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வாய்க்கணக்காகப் பத்துக் கேட்பார். ஆறு சரியாக இருந்தால் தேறியதாக வைத்துக்கொள்ளலாம். பங்குனியில் பரீட்சை. சித்திரையில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. இன்னொரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஆறு போதுமாங்க? நான் பத்தும் சொல்லிப் போடறேன்" என்றாள். அன்று முழுக்கச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, "இனிமே என்னை டீச்சருன்னுதான் கூப்புடோணும், தெரியுதா?" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டாளோ! நானும்தான் சேர்ந்து சிரித்தேன்.

பரீட்சை அன்று காலையிலேயே வெயில் சுட்டது. டிப்டி இன்ஸ்பெக்டர் வயதானவர், கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். பேச்சில் மரியாதை இருந்தது. பள்ளிக்கூடத்தின் கோடி அறையில் மேஜை போட்டிருந்தோம். அறைக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றார். ஜன்னல் கதவையும் சாத்தச் சொன்னார். நான் வெளியே வந்து அந்தச் சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

கண் தெரியாதவர்களிடம் பேசும்போது எல்லோரும் காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல உரக்கப் பேசுவார்கள். அவரும் அப்படித்தான். அவர் கேட்டது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. முதல் கணக்கு பெருக்கல். உடனே அவள் நகம் மேஜையில் ஓட ஆரம்பித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

"அது என்னம்மா சத்தம்?" என்றார் அவர்.

அவள் ஏதோ சொன்னாள். தாழ்ந்த குரல், எனக்குக் கேட்கவில்லை.

"இது பரீட்சை அம்மா. தட்டினால் யாருக்கோ சைகை காட்டுவது போலிருக்கும். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உனக்குத்தான் கெடுதல். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள். மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பாவி மனுஷா! தட்டாமல் அவள் எப்படிச் சொல்வாள்? கண் தெரிந்தவனிடம் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கணக்குப் போடு என்றால் போடுவானா? உள்ளே போய்க் கேட்டுவிடலாமா என்று ஒரு கால் எடுத்தேன். பெரிய டீச்சர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கண்ணாலேயே அடக்கினார். நின்றேன்.

இரண்டாவது கணக்கைக் கேட்டார். பக்கத்தில் ரயில் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் முன்னும் பின்னும் போய் இடித்துக்கொண்டிருந்தது. அவர் குரல் கேட்டது, அவள் குரல் கேட்கவே இல்லை. மூன்றாவது. நான்காவது. அவர் கேட்பார், பிறகு எஞ்சின் சத்தம், பிறகு மறுபடி அவர் குரல். உள்ளே அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஒவ்வொரு கணக்காகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ராசிபுரத்து ராட்டை தெரிந்தது. ஐந்தாவதும் போயிற்று.

ஆறாவது. "மூன்று பேர் ஒரு கிணற்றை இருபது நாளில் தோண்டுகிறார்கள். ஐந்து பேர் தோண்டினால் எத்தனை நாள் ஆகும்?"

எஞ்சின் நின்றிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. எனக்குப் பொறுக்கவில்லை. விடை பன்னிரண்டு. மூன்று தகதிமி. என் கை என்னைக் கேட்காமலே எழுந்து ஜன்னல் கதவில் தட்டியது.

கதவு திறந்தது. டிப்டி இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். "யார் தட்டியது?"

"நான்தான்" என்றேன். அப்படியாவது நிறுத்தியிருக்கலாம். "நான்தான் தட்டினேன். அவளுக்குக் கணக்குன்னா சத்தம்தான். நீங்க அவ கையக் கட்டிப் போட்டுட்டீங்க. ஏற்கனவே கண்ணு போனது பத்தாதுன்னு காதையும் அடைக்கறீங்களா? பெரிய உத்தியோகத்துல இருந்தா இதுகூடவா தெரியாது?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. பெரிய டீச்சர் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

டிப்டி இன்ஸ்பெக்டர் திரும்பினார். உள்ளே போய் உட்கார்ந்து, 'வெளியிலிருந்து விடை தட்டப்பட்டதால் பரீட்சை நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

அவள் கையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் போய் அந்தக் கையைப் பிடித்தேன். "அந்த ஆளை நான் சும்மா விடமாட்டேன் சாமி" என்றேன்.

"விடுங்க டீச்சர். நீங்க கோவப்படாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த பத்து நாளும் நான் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த மனுஷரைத் திட்டினேன். கல் நெஞ்சக்காரர், கண் தெரியாத பெண்ணின் வயிற்றில் அடித்தவர் என்றேன். அப்பாவிடம் சொல்லி அழுதேன். வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். அவளும் அங்கேதான் இருந்தாள். வாயே திறக்கவில்லை. அவளுக்கு வருத்தம், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்ததும் அண்ணன் வந்தான். தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று. அவளிடம் இருந்தது அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் போகாதீங்க, டீச்சர் போகாதீங்க" என்று அழுதன. அவள்தானே அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பழக்கியிருந்தாள். என் பக்கம் முகத்தைத் திருப்பி, "போயிட்டு வாரனுங்க" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அண்ணன் அவள் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் போன பிறகு எனக்கு ஆங்காரம் இன்னும் அதிகமாயிற்று. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒரு நாள் சேலத்தில் அந்த டிப்டி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி காட்டினார். என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அவள் பரீட்சைத் தாள். அவர் கைப்பட எழுதியிருந்தார். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து விடைகள். ஐந்துக்கும் பக்கத்தில் சரி போட்டிருந்தது.

"இது எப்போ சொன்னா?" என்றேன்.

"அப்போதுதான் அம்மா. கையை மடியில் வைத்துக்கொண்டுதான். நான் கேட்டு முடிப்பதும் அவள் விடை சொல்வதும் சரியாக இருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறாவதுக்கும் வாயைத் திறந்தாள். அதற்குள் நீங்கள் தட்டிவிட்டீர்கள். அதற்கு மேல் அவள் எதைச் சொன்னாலும் என்னால் எழுத முடியாதே. மேலே எழுதிக் கேட்டுப் பார்த்தேன். மறு பரீட்சை கிடையாது என்று வந்துவிட்டது. ஆறு வேண்டும். ஐந்து இருக்கிறது."

அங்கிருந்து எப்படி எழுந்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அது நினைவுக்கு வந்தது, அப்போது அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

மறுநாள் ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். நெசவுக்காரர் தெருவில் விசாரித்துக்கொண்டு போனேன். அண்ணன் தறியில் இருந்தான். அண்ணி சொம்பில் தண்ணீர் கொடுத்து, "அது உள்ளாரதான் இருக்குதுங்க" என்றாள். அவள் மூலையில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். ராட்டையை நிறுத்திவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "டீச்சருங்களா!" என்றாள்.

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "தட்டாமலே உனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"வருமுங்க."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே வருமுங்க டீச்சர்."

"அப்ப எதுக்குடி ரெண்டு வருஷமா என்கிட்ட தட்டித் தட்டிக் காட்டினே?"

"நான் தட்டுனா உங்களுக்குச் சந்தோசமா இருக்குமுங்க. உங்க கொரலே மாறிப் போகும். நீங்க எந்நேரமும் கோவமா இருக்கறீங்களே, அந்த ஒரு நேரமாச்சும் சிரிக்கட்டுமேன்னு தட்டுவனுங்க."

நான் அழுதேன். அடக்க முடியவில்லை. அன்றைக்கே என்னிடம் இதைச் சொல்லியிருக்கக்கூடாதா, அந்த நல்ல மனுஷரை நான் ஊரெல்லாம் திட்டினேனே, நீ பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்றேன். "சொன்னா நீங்க தாங்கமாட்டீங்கன்னுதானுங்க" என்றாள். என் முகத்தைத் தடவிப் பார்த்து, முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளை நான் சமாதானப்படுத்த வேண்டியிருக்க, அவள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பொறுத்து அவளுக்குப் பழைய கிண்டல் வந்துவிட்டது. "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கமாட்டீங்களே? அன்னிக்கு ஜன்னல்ல தட்டுனீங்கல்ல, அது தப்புங்க."

"தப்புதான் சாமி. தெரியாமப் பண்ணிட்டேன்."

"அதைச் சொல்லலீங்க. கணக்கே தப்புங்க. மூணு தகதிமி தட்டுனீங்க, அது சரி. தாளம் முடிஞ்சா ஒரு தட்டுத் தட்டி நிறுத்துவீங்களே, அந்தப் பழக்கத்துல அதையும் சேத்துத் தட்டிப் போட்டீங்க. பதிமூணு ஆயிருச்சுங்க."

நான் மனசுக்குள் தட்டிப் பார்த்தேன். கை அப்படித்தான் போயிற்று. மூன்று தகதிமி, பிறகு முடிக்கிற தட்டு. பதிமூன்றுதான்.

"வெடை பன்னெண்டு நாளுதானுங்களே டீச்சர்?" என்று கேட்டாள். இவ்வளவு நாளும் அதைக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

"ஆமா கண்ணு. பன்னெண்டுதான்."

"அப்ப ஆறுங்க" என்றாள்.